முத்திரை விழாத காசு



பழைய காசுகளைப் பற்றி நான் ஏதாவது எழுதினால் அன்று இரவே இன்பாக்ஸில் படங்கள் வந்து குவியும். "சார், இது எந்த ராஜா காலத்துக் காசு?" என்று கேட்பார்கள். எழுத்தோ உருவமோ தெரிந்தால் பதில் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. இடையிடையே இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லாத வட்டத் தகட்டின் படமும் வரும். "இதில் ஒன்றுமே இல்லையே சார், இது காசா, வெறும் தகடா?" என்ற கேள்வியும் கூடவே வரும். அந்த ஒன்றுமில்லாத தகட்டைப் பற்றித்தான் இன்றைய பதிவு. நம் கொற்கைக்கு அப்படி ஒரு தகடு ஏன் வேண்டும், கிடைத்தால் எப்படி அடையாளம் காண்பது என்று பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

காசு அடிக்கிற இடத்தில் முதலில் உலோகத்தை உருக்கித் தகடாக்குவார்கள், அல்லது சிறு உருண்டைகளாக வார்த்துத் தட்டையாக்குவார்கள். அதை உரிய எடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் முத்திரை குத்துவார்கள். முத்திரை விழுவதற்கு முந்தைய அந்தத் துண்டை இந்தப் பதிவில் வெற்றுத் தகடு என்று சொல்லிக்கொள்வோம். அது காசாகப் பிறக்க வேண்டியது, ஆனால் இன்னும் பிறக்கவில்லை.

இனி கொற்கைக்கு வருவோம். ஏரலுக்குப் பக்கத்தில் இன்று வயலும் வாழையுமாக இருக்கும் இந்தச் சிற்றூர் ஒரு காலத்தில் பாண்டியரின் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கிப் போய்விட்டது. இப்போது ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஆறேழு கிலோமீட்டர் நிலம் கிடக்கிறது. கிரேக்க மாலுமிகளின் கையேடான பெரிப்ளூஸிலும் தாலமியின் நிலநூலிலும் இது கொல்கோய் என்று வருகிறது. கால்டுவெல் 1870களில் இங்கே தோண்டிப் பார்த்து எழுதினார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968–69இல் அகழாய்வு செய்தது. அதில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785ஐ ஒட்டி வந்தது. 2021இல் மீண்டும் தோண்டினார்கள்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்த செய்திதான். நான் சொல்ல வருவது அக்கசாலை என்ற பெயரைப் பற்றி.

கொற்கைக்கு அருகே அக்கசாலை என்றே ஓர் ஊர் இருக்கிறது. கொற்கையில் உள்ள சிவன் கோயிலின் பெயர் அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் சாலை, ஆகவே பாண்டியரின் நாணயச்சாலை இங்கேதான் இருந்தது என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். நம் ஊர் மேடைகளிலும் இதை ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாகவே பேசுகிறோம்.

ஆனால் அக்கசாலை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று நாணயச்சாலை, மற்றொன்று பொற்கொல்லரின் பட்டறை. பழைய தமிழில் அக்கசாலையர் என்றால் தட்டார். வடமொழி அர்த்தசாஸ்திரத்திலும் அட்சசாலை என்று வருவது பொன்வேலை நடக்கும் இடம்தான். நாணயம் அடிப்பதை மேற்பார்க்கும் அதிகாரி அங்கே வேறு ஆள். கொற்கையில் பொற்கொல்லர்கள் பெருந்திரளாக இருந்தார்கள் என்ற நினைவு சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது அதன் உரைபெறு கட்டுரை. எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கொற்கை என்றவுடன் தட்டார் தெரு நினைவுக்கு வந்திருக்கிறது என்பது வரை எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, நம் அக்கசாலை அரசனின் நாணயச்சாலையா, தட்டார் பட்டறையா? ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. அங்கே காசு கிடைத்தாலும்கூட தீராது.

காசு கிடைத்தால் ஏன் தீராது என்று நீங்கள் கேட்கலாம். காசு செய்யப்படுவதே ஊரை விட்டுப் போவதற்குத்தான். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அதனால் புதுக்கோட்டையில் ரோமாபுரி நாணயச்சாலை இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. போடிநாயக்கனூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள், பின்புறம் மீன் சின்னத்தோடு, கிடைத்தன. பாண்டியர் வெளியிட்டவை என்று அறிஞர்கள் கொண்டார்கள். அவை போடியில் அடிக்கப்பட்டவை என்று அதற்குப் பொருளில்லை. முத்து வாங்க வந்த வணிகன் கையிலோ, சம்பளம் வாங்கிய வீரன் மடியிலோ காசு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும்.

வெற்றுத் தகடு அப்படிப் போகாது. முத்திரை விழாததை யாரும் காசாக வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலும் அது பட்டறையிலேயே கீழே விழுந்து, சாம்பலோடும் கரியோடும் குப்பையில் சேரும். ஓர் ஊரில் நூறு காசு கிடைத்தால் அங்கே பணம் புழங்கியது என்று அறியலாம். நான்கு வெற்றுத் தகடு கிடைத்தால் அங்கே பணம் செய்யப்பட்டது என்று அறியலாம்.

பட்டறைக் குப்பையை வைத்து நாணயச்சாலையைக் கண்டுபிடித்ததற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1936இல் பீர்பல் சாஹ்னி ஹரியானாவின் ரோத்தக் பக்கம் கோக்ராகோட் மேட்டுக்குப் போனார். அவர் தொல்லியலாளர் அல்லர், லக்னோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர். மேட்டில் உடைந்து கிடந்த சுட்ட களிமண் துண்டுகளில் குழிவான அச்சுகள் இருப்பதைக் கவனித்தார். அவை யௌதேயர் காசு வார்த்த அச்சுகள். பண்டைய இந்தியாவில் காசு வார்த்த முறையைப் பற்றி 1945இல் அவர் ஒரு நூலே வெளியிட்டார். யௌதேயர் காசுகள் முன்பே தெரிந்தவைதான். அவை எங்கே பிறந்தன என்பதைச் சொன்னது அந்த உடைந்த மண் துண்டுகள்.

கொற்கை மண்ணில் அப்படி ஒரு தகடு கிடைத்தால் அதை வெற்றுத் தகடு என்று எப்படி அறிவது? பார்த்தால் வட்டச் செம்பு, அல்லது மூலை மழுங்கிய சதுரம். அரசன் பெயரும் இல்லை, மீனும் இல்லை. அதனிடம் இருப்பது மூன்றுதான்: அளவு, எடை, உலோகம். அந்த மூன்றையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பள்ளியில் இருந்தபோது இதை வகுப்பில் செய்துகாட்டுவேன். அறிவியல் ஆசிரியரிடம் வெர்னியர் அளவியை இரவல் வாங்கி வருவேன். எடைக்கு இன்று கடைகளில் கிடைக்கும் சிறிய மின்னணுத் தராசே போதும். 0.01 கிராம் வரை காட்ட வேண்டும், அவ்வளவுதான். மளிகைக்கடைத் தராசு இதற்கு உதவாது.

முதலில் விட்டம். ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடக் கூடாது. மூன்று நான்கு இடங்களில் அளந்து பார்க்க வேண்டும். இயந்திரத்தில் வெட்டிய தகடு எங்கே அளந்தாலும் ஒரே அளவு காட்டும். கையால் தட்டியது இடத்துக்கு இடம் மாறும். அடுத்தது தடிமன், அதன் பிறகு எடை. இந்த மூன்றும் இருந்தால் அடர்த்தியைக் கணக்கிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விட்டம் 25.4 மில்லிமீட்டர், தடிமன் 1.08 மில்லிமீட்டர், எடை 4.86 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 1.27 சென்டிமீட்டர். அதன் வர்க்கத்தை 3.14ஆல் பெருக்கினால் பரப்பு 5.07 சதுர சென்டிமீட்டர் அளவில் வரும். அதைத் தடிமன் 0.108ஆல் பெருக்கினால் கன அளவு ஏறத்தாழ 0.547. எடையை இதனால் வகுத்தால் 8.9 கிடைக்கும். செம்பின் அடர்த்தி 8.96, வெண்கலம் அதைவிடச் சற்றுக் குறைவு. இரும்பும் எஃகும் 7.8ஐ ஒட்டி இருக்கும். வெள்ளி 10.5, ஈயம் 11.3, தங்கம் 19.3, அலுமினியம் 2.7. ஆக, நம் தகடு செம்பு அல்லது வெண்கலம்.

தகடு வளைந்தோ மேடுபள்ளமாகவோ இருந்தால் தடிமனை நம்ப முடியாது. அப்போது ஆர்க்கிமிடீஸ் வழிதான். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள். எத்தனை கிராம் குறைகிறதோ அத்தனை கன சென்டிமீட்டர் அதன் கன அளவு. ஐந்து கிராம் தகட்டில் இது செம்பையும் எஃகையும் பிரித்துக்காட்டும். ஒரு கிராம் தகட்டில் தராசு 0.01 கிராம் தவறினாலே விடை பத்தில் ஒரு பங்கு மாறிவிடும். அதனால் சின்னக் காசுகளுக்கு இந்த வழியை நம்பாதீர்கள்.

உலோகம் தெரிந்த பிறகு எடையின் மொழிக்கு வர வேண்டும். ஒவ்வோர் ஆட்சியும் ஒவ்வோர் அளவையில் பேசும். நம் பழைய பொன் அளவையில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சு ஏறத்தாழ ஐந்து கிராம். இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்பக் கொஞ்சம் மாறும். அப்படி மாறியதால்தான் இராஜராஜன் தஞ்சைக் கோயிலில் பொன் நிறுக்க ஆடவல்லான் என்று பெயரிட்ட ஒரு கல்லை வைத்தான். எந்தக் கல்லால் நிறுத்தது என்று கல்வெட்டில் எழுதியும் வைத்தான். வடக்கில் வெள்ளி முத்திரைக் காசு 32 ரத்தி. அங்கே ரத்தி என்பதும் நம் குன்றிமணிதான். கிராமில் சொன்னால் 3.4ஐ ஒட்டி வரும். ரோம வெள்ளிக் காசு அகஸ்டஸ் காலத்தில் 3.9 கிராம் அளவில் இருந்தது. கி.பி. 64ஐ ஒட்டி நீரோ அதை 3.4 அளவுக்குக் குறைத்துவிட்டான். நம் பக்கத்தில் கிடைக்கும் ரோம வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அந்தக் குறைப்புக்கு முந்தையவை. நம் வணிகர்களும் கையில் தராசு வைத்திருந்தார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

வெள்ளைக்காரன் கிரெயினில் பேசினான். ஒரு ரூபாய் 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். செப்புக் காலணா 100 கிரெயின், 6.48 கிராம். 1906இல் காலணா வெண்கலமானபோது 75 கிரெயினாகக் குறைந்தது, 4.86 கிராம். மேலே நாம் கணக்குப் போட்ட தகட்டின் எடை அதுதான். யுத்த காலத்தில் வந்த ஓட்டைக் காலணா 30 கிரெயின், இரண்டு கிராமுக்கும் சற்றுக் கீழே. 1957க்குப் பிறகு காசு கிராமில் பேச ஆரம்பித்தது. ஒரு நயா பைசா 1.5 கிராம், 16 மில்லிமீட்டர். ஐந்து நயா பைசா 4 கிராம், பத்து நயா பைசா 5 கிராம். எந்த அளவையில் எடை முழுசாக வந்து விழுகிறது என்று பார்த்தாலே காசின் காலம் பாதி தெரிந்துவிடும்.

பாதிதான் தெரியும். மீதியை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

25 மில்லிமீட்டர் அளவும் 4.7 முதல் 4.9 கிராம் எடையும் உள்ள ஒரு மொழுக்கைத் தகடு தாமிரபரணி மணலில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது என்னவாக இருக்கலாம்? 1906க்குப் பிந்தைய வெண்கலக் காலணா 4.86 கிராம். கும்பினி 1803இலும் 1808இலும் மதராஸ் மாகாணத்துக்காக அடித்த பத்துக் காசு 72 கிரெயின், 4.67 கிராம், விட்டமும் ஏறத்தாழ அதே. 1992இல் வந்த எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம், 25 மில்லிமீட்டர். 2011இல் வந்த இரண்டு ரூபாயும் அதே 4.85, அதே 25. நான்கு காசுகள், இருநூறு ஆண்டு இடைவெளி, ஒரே கைப்பிடிக்குள் அடங்கும் எடை.

இவற்றைப் பிரிப்பது எப்படி? முதலில் காந்தம். நம் எஃகு நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும், செம்பும் வெண்கலமும் ஒட்டாது. ஒட்டினால் அது அண்மைக்கால எஃகுத் தகடு. நாணயச்சாலையில் கைதவறி, முத்திரை விழாமல் காசு மூட்டையோடு வெளியே வந்துவிடும் தகடுகள் உண்டு. ஆனால் அது ஒரு ரூபாய்க்கான தகடா, இரண்டு ரூபாய்க்கானதா என்று எந்தத் தராசும் சொல்லாது. 3.79 கிராம், 22 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டுக்கும் இதே கதைதான். 1988க்குப் பிந்தைய ஐம்பது பைசாவும் அதே, 2011இன் ஒரு ரூபாயும் அதே. தகட்டின் எடையில் மதிப்பு கிடையாது, முத்திரை விழுந்த பிறகுதான் மதிப்பு வருகிறது.

காந்தத்தில் ஒட்டாவிட்டால்? காலணா தேய்ந்து 0.19 கிராம் இழந்தால் பத்துக் காசின் எடைக்கு வந்து நிற்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தேய்ந்த காசு வேறு, வெற்றுத் தகடு வேறு. அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் படுக்கையாக அடித்துப் பாருங்கள். தேய்ந்த காசில் விளிம்பை ஒட்டி எழுத்தின் அடிவாரமோ வட்டக்கோடோ மெல்லிய நிழலாகத் தெரியும். வெற்றுத் தகட்டில் சுத்தியலின் அடியோ வெட்டிய கத்தியின் தடமோ தெரியும்.

இன்னொரு செய்தியும் உதவும். கும்பினியின் அந்தப் பத்துக் காசை அடித்தது இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம், மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலை. அங்கே நீராவி இயந்திரத்தில் அடித்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அப்படி வந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு விலகுவதற்கு முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கிப் போனது. பத்துக் காசும் இருபது காசும் பிற்காலத்தில் அந்தக் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டன. ஆகவே பத்துக் காசின் வெற்றுத் தகடு பர்மிங்காமில் கிடைக்கலாம், ஏரலில் கிடைக்க நியாயமில்லை. ஏரலில் கிடைப்பது தேய்ந்த காசாகத்தான் இருக்கும். தகடு பட்டறையை விட்டு வெளியே போவதில்லை என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்துகிறது.

காசோடு தொடர்பே இல்லாத வட்டங்களும் உண்டு. மின் இணைப்புப் பெட்டியில் குழாய் நுழைக்கத் தட்டி எடுத்துப்போடும் எஃகு வட்டம் பார்ப்பதற்கு அப்படியே வெற்றுத் தகடு மாதிரி இருக்கும். அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த இடத்தின் சிறு முனை துருத்திக்கொண்டிருக்கும். பொத்தான் உண்டு, பாத்திரத்துக்கு ஒட்டுப்போட்ட துண்டு உண்டு. அகழாய்வு மேடுகளில் சுடுமண் வட்டச்சில்லுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பாண்டி ஆடிய சில்லு என்பார் சிலர், எடைக்கல் என்பார் சிலர். வட்டமாக இருக்கிறது என்பது மட்டும் எதற்கும் சான்றாகாது.

இனி பாண்டியர் காலத்துக்குப் போவோம். சங்ககாலப் பாண்டியரின் செப்புக் காசுகள் பெரும்பாலும் சதுரம். பெருவழுதி என்ற பெயர் தமிழ் பிராமி எழுத்தில் உள்ள காசை தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் அடையாளம் கண்டு வெளியிட்டார். பின்பக்கம் கோட்டுருவ மீன். இந்தச் செப்புக் காசுகளின் எடை ஒன்றுக்கொன்று ஒத்துவராது. செம்பு மலிவு. இவ்வளவு செம்புக்கு இத்தனை காசு என்று மொத்தமாக அடித்தார்கள், தனித்தனியாக நிறுத்துத் திருத்தவில்லை. வெள்ளியில் அப்படி விடமாட்டார்கள். வெள்ளி முத்திரைக் காசைக் கையில் எடுத்துப் பாருங்கள், மூலை வெட்டப்பட்டிருக்கும். அது அழகுக்காகச் செய்ததல்ல. தகட்டைத் துண்டாக்கி, தராசில் வைத்து, கூடுதலாக இருந்ததை மூலையில் நறுக்கி எடையைச் சரிசெய்த தடம் அது. முத்திரை இல்லாத வெள்ளித் துண்டு ஒன்றில் அப்படி மூலை நறுக்கிய தடம் இருந்தால், யாரோ அதைக் காசாக்க நினைத்து நிறுத்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

தட்டார் பட்டறையா, நாணயச்சாலையா என்ற நம் கேள்விக்கு விடை இந்த எடைத் திருத்தத்தில்தான் இருக்கிறது. தட்டாரும் வட்டத் தகடு செய்வார், தாலிப்பொட்டுக்கு, காசுமாலைக்கு, பதக்கத்துக்கு. அவர் தகடுகள் வாங்க வந்தவரின் வசதிக்கு ஏற்ப ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். நாணயச்சாலைத் தகடுகள், அதிலும் வெள்ளியும் பொன்னும், ஒரே எடையைச் சுற்றி நெருக்கமாகக் குவியும். அக்கசாலைப் பக்கம் பத்துத் தகடு கிடைத்து, பத்தும் ஒரே எடையைச் சுற்றி நின்றால் அது அரசனின் சாலை. பத்தும் பத்து விதமாக இருந்தால் தட்டார் தெரு என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

எடைகள் குவிவதையும் சிதறுவதையும் வைத்து வரலாறு எழுதலாம் என்று காட்டியவர் தாமோதர் தர்மானந்த் கோசாம்பி. கணித மேதை. 1940களில் தட்சசீலத்துப் புதையல் காசுகளின் எடைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் காலத்தில் புழங்கிய பிரிட்டிஷ் இந்தியக் காசுகளையும் நிறுத்து, புழக்கத்தில் காசு எப்படித் தேய்கிறது என்று பார்த்தார். காசு கைமாறக் கைமாறச் சராசரி எடை குறைகிறது, கூடவே ஒரு காசுக்கும் மற்றொரு காசுக்கும் உள்ள வேறுபாடு அதிகமாகிறது என்று காட்டினார். பின்பக்கத்தில் சிறு முத்திரைகள் எத்தனை அதிகமோ அத்தனைக்கு எடை குறைவு என்றும் கண்டார். அந்த முத்திரைகள் காலாகாலத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் போட்ட அடையாளங்கள். அரசன் பெயரே இல்லாத அந்தக் காசுகளை எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்த தராசும் கணக்கும் அவருக்கு உதவின.

வெற்றுத் தகடு ஒரு நாளும் புழங்காதது. அதனால் தேய்மானமே இல்லாமல், பட்டறை எந்த எடையை மனதில் வைத்திருந்ததோ அதையே அப்படியே வைத்திருக்கும். மண் அதைக் கெடுக்காமல் விட்டிருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. மண் கெடுப்பதைவிட நாம் கெடுப்பதுதான் அதிகம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

பச்சை பிடித்த செப்புத் துண்டு கிடைத்தால் நம் வீடுகளில் முதலில் செய்வது புளி போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்குக்கு அது சரி. இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த செம்பில் பாதி உலோகம் ஏற்கெனவே அந்தப் பச்சையாக மாறியிருக்கும். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். பளபளவென்று ஒரு துண்டு மிஞ்சும், ஆனால் அதன் எடை இனி எதற்கும் சாட்சியாகாது. உருவம் உள்ள காசைத் தேய்த்தாலாவது உருவம் கொஞ்சம் மிஞ்சும். வெற்றுத் தகட்டுக்கு எடையை விட்டால் வேறு பேச்சே கிடையாது. அதைத் தேய்ப்பது அதன் வாயை அடைப்பதற்குச் சமம்.

அடுத்த ஆபத்து பழைய பாத்திரக் கடை. மீனோ யானையோ உள்ள காசை யாரும் கிலோ கணக்கில் போடுவதில்லை. வாங்க ஆள் இருக்கிறது. ஒன்றுமில்லாத தகடு மட்டும் உடைந்த குழாயோடும் ஓட்டைக் குடத்தோடும் சேர்ந்து அண்ணாச்சி கடைத் தராசில் ஏறி உருக்கப் போய்விடுகிறது. கரூர் அமராவதியிலும் மதுரை வைகையிலும் மணல் சலித்துக் காசு எடுத்தவர்களால் நமக்குப் பல சங்ககாலக் காசுகள் கிடைத்தன. ஆனால் விற்க முடிந்ததுதான் கைக்கு வந்தது. விற்க முடியாததை யார் பத்திரப்படுத்துவார்கள்?

ஆகவே நம் பகுதியில், குறிப்பாகக் கொற்கை, மாறமங்கலம், அக்கசாலை, பழையகாயல் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிணறு தோண்டும்போதோ, வாழைக்குழி எடுக்கும்போதோ, உருவமில்லாத சிறு உலோகத் துண்டு கிடைத்தால் தேய்க்காதீர்கள், வளைத்துப் பார்க்காதீர்கள், கடித்தும் பார்க்காதீர்கள். மண்ணோடு ஒரு தாளில் மடித்து, எந்த வயல், எவ்வளவு ஆழம், எந்தத் தேதி என்று தாளிலேயே எழுதி வையுங்கள். பக்கத்தில் கரியோ, உலோகக் கசடோ, உருக்கிய மண் குகையின் உடைந்த ஓடோ இருந்தால் அவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டுப் படம் எடுங்கள். தகட்டைவிட அந்தக் கசடு பெரிய சாட்சியாக இருக்கலாம். மேற்கொண்டு நீங்களே தோண்டாதீர்கள்.

சட்டத்துக்குப் பயந்து பலர் மறைக்கிறார்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் என்ன சொல்கிறது? மண்ணில் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால்தான் குற்றம். அரசே எடுத்துக்கொள்வதானால் அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. தகடு பத்து ரூபாய் பெறாது என்று உங்களுக்குத் தோன்றினாலும் கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையினரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடர்த்தி பாடம் நடத்தும்போது புத்தகத்தில் உள்ள மரக்கட்டையை விட்டுவிட்டு, பிள்ளைகளின் பையில் உள்ள காசுகளை அளக்கச் சொல்லுங்கள். ஐம்பது ஒரு ரூபாய் நாணயங்களைத் தனித்தனியே நிறுத்து, எடைகளைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். பழைய ஆண்டும் புதிய ஆண்டும் எப்படி வேறுபடுகின்றன என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். கோசாம்பி செய்ததும் அதுதான். அந்தப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கையில் நாளை ஒரு வெற்றுத் தகடு கிடைத்தால், தேய்க்காமல் தராசைத் தேடுவார்.

கொற்கையில் பாண்டியன் காசு அடித்தான் என்று மேடையில் சொல்வதற்கு நமக்கு ஊர்ப்பெயர் போதுமானதாக இருக்கிறது. வெளியூர் ஆய்வாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்து "சான்று என்ன?" என்று கேட்டால், ஒரே எடையில் நிற்கும் நான்கு வெற்றுத் தகடுகளை எடுத்து வைக்க வேண்டும். அவை ஏதோ ஒரு வாழைத்தோட்டத்தின் அடியில் இருக்கலாம். ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நண்பர்கள் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். அக்கசாலை பற்றி, தட்டார் குடும்பங்கள் பற்றி, கரியும் கசடும் கிடக்கும் மேடுகள் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். இடத்தின் சரியான அடையாளத்தை மட்டும் பொதுவில் போட வேண்டாம். தோண்டுகிற கூட்டம் நமக்கு முன்பே வந்து நிற்கும்.